ரெடிஸ் கேஷில் நெட்வொர்க் நிரம்பினால்: எங்கே பார்ப்பது, எதைக் குறைப்பது

சிபியு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. மெமரி பாதி காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் விடியற்காலை ஐந்தரைக்கு மேல் செயலி திணறுகிறது, லாக்கில் டைம்அவுட் வரிசையாக விழுகிறது. கிளவுடில் ரெடிஸோ, அதிலிருந்து பிரிந்த வால்கீயோ (இரண்டும் தரவை மெமரியில் வைத்து வேகமாகத் தரும் கேஷ் மென்பொருள்கள்) வைத்திருப்பவர்கள் இந்த நிலையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது நெட்வொர்க்கை. தரவு மெமரியிலேயே இருப்பதால் பதில் மைக்ரோ நொடிகளில் தயாராகிவிடும். அந்தப் பதில் வெளியே போகும் குழாய்தான் குறுகல்.

விளக்கத்துக்கு ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். தோவாளைச் சந்தையின் பூ விலை, குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் துறைமுகங்களின் மீன் ஏல விலை, குலசேகரம் பக்கத்து ரப்பர் விலை என்று 60 விலைப்பட்டியல்களைக் காட்டும் செயலி. நடத்துவது நாகர்கோவிலில் இருக்கும் சின்னக் குழு. சர்வர்கள் அமேசானின் மும்பை ரீஜியனில். கேஷ், அமேசான் நடத்தித் தரும் எலாஸ்டிகேஷ் சேவையில் ஒரு ஆர்6ஜி லார்ஜ் நோடு (சர்வர் அளவு ஒன்றின் பெயர்). செயலியின் எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. நோடுகளின் வரம்புகள் உண்மையானவை. கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

வரம்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

விலைப் பக்கத்தில் "10 ஜிகாபிட் வரை" என்று போட்டிருப்பதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த "வரை" என்ற சொல்லுக்குள் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஆர்6ஜி லார்ஜ் நோடு எப்போதும் தாங்கக்கூடிய அடிப்படை வேகம் நொடிக்கு 0.75 ஜிகாபிட்தான். 10 ஜிகாபிட் என்பது கிரெடிட் இருக்கும் வரை கிடைக்கும் உச்ச வேகம். நோடு சும்மா இருக்கும் நேரத்தில் கிரெடிட் சேரும். அடிப்படை வேகத்தைத் தாண்டும்போது கரையும். நோடின் அளவைப் பொறுத்து பொதுவாக 5 முதல் 60 நிமிடம் வரை உச்ச வேகம் தாங்கும். டி3 மைக்ரோ நோடில் அடிப்படை வேகம் வெறும் 64 மெகாபிட். நொடிக்கு 8 எம்பி. சோதனைக்கென்று எடுத்த மைக்ரோ நோடு அப்படியே நிஜப் பயன்பாட்டுக்குப் போய்விட்டிருந்தால், மேலே படிக்காமலேயே காரணம் கிடைத்துவிட்டது.

"ஐந்து மணிக்கு நன்றாகத்தான் ஓடியது, ஆறு மணிக்குக் கெட்டுப்போனது, நாங்கள் எதையும் மாற்றவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. கிரெடிட் தீர்ந்திருக்கும்.

அலகுகளில் மூன்று இடங்களில் வழுக்கும். வரம்பு பிட்டில், அளவீடு பைட்டில்: எட்டால் வகுக்க வேண்டும். 0.75 ஜிகாபிட் என்பது நொடிக்கு 93.75 எம்பி, நிமிடத்துக்கு 5.6 ஜிபி. இரண்டாவது, அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச் காட்டும் 'நெட்வொர்க் பைட்ஸ் அவுட்' ஒரு நிமிடக் கூட்டுத்தொகை; நொடிக் கணக்குக்கு 60 ஆல் வகுக்க வேண்டும். வரைபடத்தின் கால அளவை 5 நிமிடம் என்று வைத்துக் கூட்டுத்தொகை எடுத்துவிட்டு 60 ஆல் வகுத்தால் ஐந்து மடங்கு பொய்க் கணக்கு வரும். மூன்றாவது, ரெடிஸின் இன்ஃபோ கட்டளையில் 'இன்ஸ்டன்டேனியஸ்_அவுட்புட்_கேபிபிஎஸ்' என்ற வரி. பெயரைப் பார்த்தால் கிலோபிட் போலத் தெரியும், அது கிலோபைட்.

நிமிடச் சராசரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் நிம்மதி அடைய முடியாது. மூன்று நொடி மட்டும் வரம்பைத் தாண்டிவிட்டு மீதி 57 நொடி அமைதியாக இருந்தால் சராசரியில் அது மறைந்துவிடும். அதற்காகவே 'நெட்வொர்க் பேண்ட்வித் அவுட் அலவன்ஸ் எக்ஸீடட்' என்றும், அதே பெயரில் 'இன்' என்றும் இரண்டு அளவீடுகள் இருக்கின்றன. வரம்பைத் தாண்டியதால் வரிசையில் நிறுத்தப்பட்ட அல்லது கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை அது. பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் நெட்வொர்க் நிரம்பியது உறுதி. பக்கத்திலேயே 'பாக்கெட்ஸ் பெர் செகண்ட் அலவன்ஸ் எக்ஸீடட்' இருக்கும். பைட் குறைவாக இருந்து இது மட்டும் ஏறினால் உங்கள் சிக்கல் பெரிய பதில்கள் அல்ல, எண்ணற்ற சின்னச் சின்னக் கோரிக்கைகள். அதற்கு மருந்து வேறு, கடைசியில் வருகிறது.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் இதே வேலைக்கு 'கேஷ் ரீட்', 'கேஷ் ரைட்' அளவீடுகள். பெயர் வேறானாலும் தேடும் முறை ஒன்றுதான்.

உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். திசையை கேஷ் நோடு நின்று பார்க்கும் கோணத்தில் பார்க்க வேண்டும். 'அவுட்' என்பது வாசிப்புக்கான பதில்கள். 'இன்' என்பது எழுத்துகள், அதாவது கேஷில் எழுதுவதற்காக வரும் தரவு.

ஆனால் எழுத்துகளை வாங்கும் முதன்மை நோடான பிரைமரியின் 'அவுட்'டில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: ரெப்ளிகாக்களுக்கு, அதாவது அதே தரவை நகலாக வைத்திருக்கும் நோடுகளுக்கு, போகும் நகல். நொடிக்கு 10 எம்பி எழுதினால், இரண்டு ரெப்ளிகா இருக்கும்போது குறைந்தது 20 எம்பி வெளியே போகும். ஐந்து ரெப்ளிகா என்றால் 50. வாசிப்பே இல்லாத பிரைமரியில் 'அவுட்' ஏன் இவ்வளவு என்று குழம்புகிறவர்கள் முதலில் எழுத்து அளவை ரெப்ளிகா எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். எலாஸ்டிகேஷில் 'ரெப்ளிகேஷன் பைட்ஸ்' என்ற அளவீடு இதைத் தனியாகக் காட்டும். ரெடிஸ் 7 முதல் இன்ஃபோவிலேயே 'டோட்டல்_நெட்_ரெப்ல்_அவுட்புட்_பைட்ஸ்' என்று தனி வரி உண்டு.

தரவை ஷார்டுகளாக (துண்டுகளாக) பல நோடுகளில் பிரித்துவைக்கும் கிளஸ்டர் முறையில் இருந்தால் எல்லா நோடுகளின் சராசரியைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு நோடாகப் பாருங்கள். ஒன்று மட்டும் உயர்ந்து மற்றவை சும்மா கிடந்தால் பெரும்பாலும் ஒரே கீயை (தரவு வைக்கப்பட்டிருக்கும் பெயரை) எல்லோரும் கேட்கிறார்கள் என்று பொருள். ஷார்டு கூட்டினால் அது தீராது, ஏனென்றால் ஒரு கீ எப்போதும் ஒரே ஷார்டில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஒரு நிமிடம், இரண்டு அளவுகள்

திசை 'அவுட்' என்று தெரிந்தபின் செய்ய வேண்டிய எளிய கணக்கு இது. 'இன்ஃபோ ஸ்டாட்ஸ்' கட்டளையைக் கொடுத்து 'டோட்டல்_நெட்_அவுட்புட்_பைட்ஸ்', 'டோட்டல்_கமாண்ட்ஸ்_ப்ராசஸ்டு' இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சரியாக 60 நொடி கழித்து மறுபடியும். வித்தியாசங்களை வகுத்தால் சராசரிப் பதிலின் அளவு கிடைக்கும். நம் செயலியில் ஒரு நிமிடத்தில் 24,000 கட்டளைகளுக்கு 4.32 ஜிபி வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிலுக்கு 180 கேபி. நொடிக்கு 72 எம்பி.

கேஷில் ஒரு பதில் சில கேபி இருந்தால் இயல்பு. 180 கேபி என்றால் யாரோ மொத்த மூட்டையையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அடுத்து 'இன்ஃபோ கமாண்ட்ஸ்டாட்ஸ்'. இதையும் இரண்டு முறை எடுத்து வித்தியாசம் பாருங்கள். சொந்த சர்வரில் 'கான்ஃபிக் ரீசெட்ஸ்டாட்' கொடுத்துப் பூஜ்யமாக்கலாம். எலாஸ்டிகேஷில் கான்ஃபிக் கட்டளை தடுக்கப்பட்டிருக்கிறது. ஒரே பதிலில் நிறையத் தரவை அனுப்பக்கூடிய எச்கெட்ஆல், ஸ்மெம்பர்ஸ், முடிவு வரம்பு இல்லாத எல்ரேஞ்ச், இசட்ரேஞ்ச், எம்கெட், கீஸ் ஆகியவை மேலே நின்றால் கண்ணை அங்கே வையுங்கள். இந்தக் கட்டளை எண்ணிக்கையைக் காட்டுமே தவிர பைட்டைக் காட்டாது. மெதுவான கட்டளைகளைப் பதிவுசெய்யும் ஸ்லோலாகும் உதவாது: அது கட்டளை ஓடிய நேரத்தை மட்டும் அளக்கிறது, பதில் நெட்வொர்க்கில் போன நேரத்தை அல்ல. ஸ்லோலாக் காலியாக இருக்கிறது, அதனால் ரெடிஸில் குறை இல்லை என்று முடிவு கட்டுவது இந்தச் சிக்கலில் அடிக்கடி நடக்கும் தவறு.

பெரிய கீகளைத் தேட ரெடிஸ்-சிஎல்ஐயில் '--பிக்கீஸ்' இருக்கிறது. சரங்களுக்கு (ஸ்ட்ரிங்) பைட் சொல்லும். பல உறுப்புகளைக் கொண்ட ஹாஷ், லிஸ்ட் போன்றவற்றுக்கு உறுப்புகளின் எண்ணிக்கைதான் சொல்லும். பத்து உறுப்பு கொண்ட ஹாஷ் ஒவ்வொன்றும் ஒரு எம்பியாக இருந்தால் அது கண்ணில் படாது. பைட் கணக்கு வேண்டுமென்றால் '--மெம்கீஸ்'. இரண்டையும் ரெப்ளிகாவில், '-ஐ 0.1' சேர்த்து மெதுவாக ஓட்டுங்கள். கிடைக்கும் பட்டியலைப் பார்த்ததும் பெரியதை எல்லாம் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். நாளுக்கு ஒருமுறை கேட்கப்படும் 20 எம்பி கீயால் எந்தத் தீங்கும் இல்லை. நொடிக்கு 400 முறை கேட்கப்படும் 180 கேபி கீதான் நோடை மூழ்கடிக்கிறது. அளவை எண்ணிக்கையால் பெருக்குங்கள்.

எந்தக் கீ எத்தனை முறை என்பதற்கு எல்லோரும் ஓடுவது 'மானிட்டர்' கட்டளைக்கு. நெட்வொர்க் நிரம்பியிருக்கும் நேரத்தில் அது எரிகிற தீயில் எண்ணெய். ஒவ்வொரு கட்டளையையும் உங்கள் டெர்மினலுக்கு அனுப்ப அதே வழியைத்தான் பயன்படுத்தும். ஒரே ஒரு மானிட்டர் இணைப்பு மொத்த வேகத்தைப் பாதிக்கு மேல் குறைக்கலாம் என்று ரெடிஸ் ஆவணமே எச்சரிக்கிறது. தவிர்க்க முடியாவிட்டால் 'டைம்அவுட் 3' முன்னால் போட்டு மூன்று நொடி மட்டும், கோப்பில் எழுதும்படி. அதைவிட, ரெடிஸை அழைக்கும் ஃபங்ஷனில் நூறில் ஒரு அழைப்புக்குக் கீயின் முன்னொட்டையும் பதிலின் நீளத்தையும் லாக்கில் எழுதும் இரண்டு வரியைச் சேர்ப்பது மேல்.

எந்த சர்வர் இழுக்கிறது என்று அறிய, நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவுசெய்யும் விபிசி ஃப்ளோ லாகை கேஷ் நோடின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸில் போடுங்கள். இடைவெளியை இயல்பான 10 நிமிடத்திலிருந்து 1 நிமிடத்துக்குக் குறைத்தால் ஒவ்வொரு ஐபிக்கும் எத்தனை பைட் என்று தெளிவாகத் தெரியும். 'கிளையன்ட் லிஸ்ட்' கட்டளையில் 'ஓமெம்' என்ற மதிப்பு பெரிதாக இருக்கும் இணைப்பு, பதிலை வாங்க முடியாமல் தேங்கி நிற்கிறது. ஒவ்வொரு சேவையும் இணைந்தவுடன் 'கிளையன்ட் செட்நேம்' கொடுக்கும்படி முன்பே செய்திருந்தால் இந்தப் பட்டியல் படிக்கும்படி இருக்கும். இல்லாவிட்டால் வெறும் ஐபி எண்கள்.

இப்படித் தேடும்போது அலுவலகத்தில் ஒரு மடிக்கணினியில் தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ரெடிஸ் உலாவி மென்பொருளோ, சோதனைச் சர்வர் நிஜ கேஷைச் சுட்டிக்கொண்டிருப்பதோ அகப்படுவதும் உண்டு. சிரிக்க வேண்டாம், போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பதிலைச் சிறிதாக்குவது

நம் செயலியின் நோய் என்ன? 60 பட்டியல்களையும் ஒரே ஜேசனாக (எழுத்து வடிவத் தரவாக) ஒரு கீயில் வைத்திருக்கிறார்கள். பிச்சிப்பூ விலை மட்டும் பார்க்க வந்தவருக்காகவும் சாளை, கணவாய் விலையெல்லாம் சேர்ந்து 180 கேபி போகிறது. நொடிக்கு 400 கோரிக்கை என்றால் 576 மெகாபிட், 750க்குள் தாக்குப்பிடிக்கிறது. ஓணத்துக்கு முந்தைய நாட்களில் கேரள வியாபாரிகள் தோவாளைக்குத் திரளும்போது கோரிக்கை இரட்டிப்பாகி 800 ஆனால் 1,152 மெகாபிட். கிரெடிட் கரையும், பிறகு எல்லாம் நிற்கும்.

பட்டியலை ஹாஷாகப் பிரித்து, சந்தைக்கு ஒரு புலம் என்று வைத்து எச்கெட் கொண்டு ஒன்றை மட்டும் கேட்டால் பதில் 3 கேபி. அதே 800 கோரிக்கைக்கு நொடிக்கு 2.4 எம்பி. நோடை மாற்றவே வேண்டாம்.

பட்டியலைப் பிரிக்க நேரமில்லை என்றால் சர்வரின் சொந்த மெமரியில் 5 நொடி வைத்துக்கொள்ளும் சின்ன கேஷ். ஆறு சர்வர்களில் தலா ஒரு ப்ராசஸ் ஐந்து நொடிக்கு ஒருமுறை 180 கேபி எடுத்தால் நொடிக்கு 216 கேபிதான். பைத்தானில் ஒரு சர்வருக்கு எட்டு ஒர்க்கர் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் தனி மெமரி என்பதை மறக்காதீர்கள். 48 ப்ராசஸ், நொடிக்கு 1.7 எம்பி. அப்போதும் பழைய அளவின் பக்கத்தில்கூட வராது. ஏல விலை ஐந்து நொடி பழையதாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. இருப்புத் தொகை, டிக்கெட் இருக்கை போன்றவற்றுக்கு இதைச் செய்யாதீர்கள். உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டுமென்றால் ரெடிஸ் 6 முதல் உள்ள 'கிளையன்ட் ட்ராக்கிங்' வசதி, கீ மாறியதும் தகவல் சொல்லும்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கென்றே ஒரு கசிவு இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். பைத்தானின் ஜேசன் டம்ப்ஸும் பிஎச்பியின் ஜேசன் என்கோடும் இயல்பாக அதை ஆங்கில எழுத்து வடிவத் தப்பிப்புக் குறியாக மாற்றி எழுதும். ஒரு குறிக்கு 6 பைட். 'பிச்சிப்பூ' என்பதில் பத்துக் குறிகள். 30 பைட்டில் முடிய வேண்டியது 60 ஆகிறது. பைத்தானில் 'என்ஷ்யூர்_ஆஸ்கி'யை ஃபால்ஸ் ஆக்குங்கள். பிஎச்பியில் 'ஜேசன்_அன்எஸ்கேப்டு_யூனிகோட்' கொடியைக் கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. இன்னும் குறைக்க, பூவின் பெயரையும் சந்தையின் பெயரையும் ஒவ்வொரு வரியிலும் எழுதாமல் எண் குறியீடு வைத்து, பெயரைச் செயலியிலேயே பொருத்திக்கொள்ளலாம்.

அமுக்குவதும் நல்ல வழி. ஒரே புலப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் ஜேசன் பல மடங்கு சுருங்கும். வேகம் முக்கியம் என்றால் எல்இசட்4, அளவு முக்கியம் என்றால் இசட்ஸ்டாண்டர்டு. ஒரு கேபிக்குக் கீழே உள்ள மதிப்புகளை அமுக்க வேண்டாம், சிபியு செலவுதான் மிச்சம். மாற்றும்போது பழைய கீயிலேயே அமுக்கிய மதிப்பை எழுதினால் இன்னும் புதுப்பிக்காத சர்வர்கள் குப்பையைப் படித்து விழும். 'வி2' என்று புது முன்னொட்டு வைத்து எழுதி, பழையவை தானாகக் காலாவதியாக விடுங்கள்.

மற்றவை சட்டென்று செய்யக்கூடியவை. எல்ரேஞ்ச் 0 முதல் -1 வரை என்பதை 0 முதல் 49 வரை ஆக்குங்கள். ஒருவர் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்க்க ஸ்மெம்பர்ஸ் வேண்டாம், எஸ்இஸ்மெம்பர் போதும். கீஸ் கட்டளைக்குப் பதில் ஸ்கேன்.

எழுத்துப் பக்கம் வீங்கினால்

முதல் சந்தேகம் செஷன், அதாவது ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் வைத்திருக்கும் தற்காலிகத் தகவல். வெப் ஃப்ரேம்வொர்க்குகளில், லாராவெலில் ஒவ்வொரு கோரிக்கை முடிவிலும் முழு செஷனும் மறுபடி எழுதப்படும், எதுவும் மாறாவிட்டாலும். எக்ஸ்பிரஸ் செஷனில் 'ரீசேவ்' ட்ரூ என்றிருந்தால் அதேதான். ஜாங்கோ மாறினால் மட்டும் எழுதும். 'செஷன்_சேவ்_எவ்ரி_ரிக்வெஸ்ட்' போட்டிருந்தால் அங்கேயும் இதே கதை. யாரோ தேடல் முடிவுகளைச் செஷனுக்குள் திணித்து அது 40 கேபி ஆகிவிட்டது என்று வையுங்கள். நொடிக்கு 500 கோரிக்கை என்றால் வாசிப்பு 20 எம்பி, எழுத்து 20 எம்பி. இரண்டு ரெப்ளிகா இருந்தால் நகல் 40. பிரைமரியின் 'அவுட்' மட்டும் 60 எம்பி, அதாவது ஆர்6ஜி லார்ஜின் அடிப்படை வரம்பில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. செஷனில் பயனர் எண்ணும் மொழியும் இருந்தால் போதும்.

லுவா நிரல்களை எவால் கொண்டு ஓட்டினால் நிரல் முழுவதும் ஒவ்வொரு முறையும் பயணிக்கும், நிரலின் சுருக்கக் குறியை மட்டும் அனுப்பும் எவால்ஷாவுக்கு மாற்றுங்கள். எல்லாக் கீகளும் ஒரே நொடியில் காலாவதியாகி எல்லா சர்வர்களும் ஒன்றாகத் திரும்ப எழுதுவதும் நடக்கும். காலாவதி நேரத்தோடு சில நொடிகளைத் தாறுமாறாகச் சேர்த்தால் அலை உடையும்.

ரெப்ளிகா முழு நகலெடுப்பு இன்னொரு காரணம். இன்ஃபோவில் 'சிங்க்_ஃபுல்' எண் ஏறிக்கொண்டே இருந்தால், ரெப்ளிகா அறுந்து அறுந்து இணைகிறது. ஒவ்வொரு முறையும் மொத்தத் தரவும் பிரைமரியிலிருந்து கிளம்புகிறது. இடையில் விட்டுப்போன எழுத்துகளைத் தாங்கிவைக்கும் இடத்தின் அளவான 'ரெப்ல்-பேக்லாக்-சைஸ்' ரெடிஸில் இயல்பாக 1 எம்பி. நொடிக்கு 2 எம்பி எழுதும் இடத்தில் அது அரை நொடி இடைவெளியைத்தான் ஈடுகட்டும். 30 நொடி அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர 60 எம்பி வேண்டும். இரு மடங்காக 128 எம்பி வையுங்கள். எலாஸ்டிகேஷில் இதைப் பாராமீட்டர் குரூப்பில் மாற்றலாம்.

பப்-சப் (ஒரு செய்தியைக் கேட்பவர் எல்லோருக்கும் அனுப்பும் வசதி) பயன்படுத்துகிறீர்கள் என்றால் செய்தியின் அளவைக் கேட்பவர்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 2 கேபி செய்தி, நொடிக்கு 50, கேட்பவர் 300: நொடிக்கு 30 எம்பி. கிளஸ்டரில் சாதாரண பப்ளிஷ் எல்லா நோடுகளுக்கும் பரவும். ரெடிஸ் 7இல் வந்த ஷார்டட் பப்-சப் அதை அந்த ஷார்டுக்குள் நிறுத்தும். செய்தியில் முழுப் பட்டியலை அனுப்பாமல் "தோவாளை மாறியது" என்று மட்டும் சொல்லி, வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

பாக்கெட் எண்ணிக்கை மட்டும் ஏறினால்

காலியான வரிசையில் எல்பாப் (ஒன்றை எடுக்கும் கட்டளை) கொடுத்துக்கொண்டே சுழலும் ஒர்க்கர்கள்தான் பெரும்பாலும். பிஎல்பாப் கொடுத்தால் வேலை வரும்வரை அமைதியாகக் காத்திருக்கும். தனித்தனிக் கெட் நூறை ஒரு பைப்லைனில் சேர்த்தால் பாக்கெட் குறையும்; பைட் குறையாது, அதனால் பெரிய பதில் நோய்க்கு இது மருந்தல்ல. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறந்தால் மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் கைகுலுக்கலும், கிளஸ்டர் என்றால் எந்தக் கீ எந்த நோடில் என்று சொல்லும் ஸ்லாட் வரைபடமும் ஒவ்வொரு முறையும் போய்வரும். 'நியூ கனெக்ஷன்ஸ்' வரைபடம் உயரமாக இருந்தால், திறந்த இணைப்புகளையே திரும்பப் பயன்படுத்தும் கனெக்ஷன் பூல் போடுங்கள்.

இப்போதே எரிகிறது என்றால்

நெரிசல் நேரத்தில் ரெப்ளிகா சேர்க்காதீர்கள். புது ரெப்ளிகாவுக்கு முழுத் தரவையும் கொடுக்க வேண்டியது அதே பிரைமரி. மூச்சு முட்டும் நோடின் மேல் இன்னொரு சுமை. பெரிய நோடுக்கு மாறுவதிலும் இதே நகலெடுப்பு உண்டு, சந்தை அடங்கிய மதியத்தில் செய்யுங்கள். அந்த நேரத்துக்கு உடனடி நிவாரணம் செயலிப் பக்கம்தான்: 5 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் திரையை 30 நொடியாக்குங்கள், கனமான ஒரு வசதியைத் தற்காலிகமாக அணையுங்கள். மொபைல் செயலியில் இந்த இடைவெளியைச் சர்வரிலிருந்து மாற்றும் வசதி முன்பே இருந்தால்தான் இது நடக்கும். ஓணத்துக்கு முன்னால் சேர்த்துவையுங்கள்.

எச்சரிக்கை மணிகள் இரண்டு போதும். அலவன்ஸ் எக்ஸீடட் பூஜ்யத்தைத் தாண்டினால் ஒன்று. ஒரு நிமிட 'நெட்வொர்க் பைட்ஸ் அவுட்' அடிப்படை வரம்பில் 80 சதவீதத்தை, ஆர்6ஜி லார்ஜில் 4.5 ஜிபியை, தொட்டால் மற்றொன்று. 10 ஜிகாபிட்டை அடிப்படையாக வைத்தால் மணி ஒருநாளும் அடிக்காது.

சரிசெய்த பிறகு நோடைச் சிறிதாக்கிக் காசை மிச்சப்படுத்த நினைத்தால், எந்த மாத அளவை வைத்து முடிவெடுக்கிறீர்கள் என்று பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த மாதங்களில் ஏலமும் குறைவு, செயலியைத் திறப்பவர்களும் குறைவு. ஆவணி ஓண வாரத்தின் எண்களைத் தனியாக எடுத்துவைத்து அதற்கு ஏற்றபடி நோடைத் தேர்ந்தெடுங்கள்.